அரைக்கும்போது மருந்துப் படிகத்தின் ஒழுங்கு எப்படிக் குலைகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நன்கு படிகமாகியிருந்த ஒரு மருந்து மூலப்பொருளை, வேகமாகப் பாயும் வாயுவில் துகள்களை மோதவிட்டு அரைக்கும் ஜெட் மில்லில் 2 அல்லது 3 மைக்ரான் அளவுக்கு அரைத்திருக்கிறார்கள். எக்ஸ்-கதிர் வரைபடத்தில் முகடுகள் எல்லாம் பழைய இடத்திலேயே நிற்கின்றன. ஆனால் பொருளைச் சூடாக்கியபடி அது வாங்கும், உமிழும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி ஆய்வில், உருகுநிலைக்கு வெகு கீழேயே, முன்பு இல்லாத ஒரு சிறு வெப்ப உமிழ்வு தெரிகிறது. பொடியை ஈரப்பதமான அறையில் சில நாள் வைத்தால் கட்டி தட்டிப்போகிறது. அரைக்கும் சூட்டில் துகளின் மேற்பரப்பு உருகி உறைந்துவிட்டதா, அப்படியானால் திரவ நைட்ரஜன் ஊற்றிக் கடுங்குளிரில் அரைத்தால் சரியாகிவிடுமா என்பது கேட்டவரின் ஐயம்.

உருகியது காரணம் அல்ல. குளிரில் அரைத்தால் பெரும்பாலும் நிலைமை மோசமாகும். நல்ல கருத்தோடு எடுக்கப்படும் அந்த முடிவு எதிர்விளைவைத் தருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்துகளில் பெரும்பாலானவை மூலக்கூறுப் படிகங்கள். ஒரு மூலக்கூறுக்குள் அணுக்கள் வலுவான பிணைப்புகளால் கட்டப்பட்டிருந்தாலும், மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையே இருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகளும் வான்டர்வால்ஸ் விசைகளும்தான். உப்பையோ உலோகத்தையோ ஒப்பிட்டால் இவை மென்மையான பொருள்கள். அடி விழும்போது படிகம் முதலில் மீள்தன்மையோடு வளைகிறது. அதன் எல்லையைத் தாண்டியதும் அதற்கு முன்னால் இரண்டு வழிகள்தான் இருக்கின்றன: ஒன்று விரிசல் விட்டு உடைவது, மற்றொன்று உடையாமல் நிரந்தரமாக உருக்குலைவது. உடைந்தால் நமக்கு வேண்டிய சிறு துகள் கிடைக்கிறது. உருக்குலைந்தால், வந்த ஆற்றலின் ஒரு பகுதி படிகத்துக்குள்ளேயே குறைபாடுகளாகத் தங்கிவிடுகிறது.

நிரந்தர உருக்குலைவு எப்படி நடக்கிறது என்பதற்கான அடிப்படை விளக்கம் 1934-இல் டெய்லர், ஒரோவான், போலானி ஆகிய மூவராலும் தனித்தனியே முன்வைக்கப்பட்டது. படிகத்தின் ஒரு தளம் முழுவதும் ஒரே நேரத்தில் நழுவுவதில்லை; தளத்தின் நடுவே 'டிஸ்லொகேஷன்' எனப்படும் கோடு போன்ற ஒரு பிறழ்வு உண்டாகி, அது நகர்ந்து செல்வதன் வழியாகவே நழுவல் நடக்கிறது. பெரிய விரிப்பை இழுத்து நகர்த்துவதற்குப் பதிலாக அதில் ஒரு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டு போவதைப் போன்றது அது. உலோகங்களில் அணுக்கள் சிறியவை, உருண்டையானவை. நழுவத் தளங்களும் பல. மருந்து மூலக்கூறோ பெரியது, கோணல்மாணலானது. ஒரு தளம் நழுவினால் அடுத்த மூலக்கூறின் இடத்துக்குச் சரியான திசையோடு போய்ப் பொருந்த வேண்டும். நழுவலின் ஓர் அடியே நீளமாக இருப்பதால், ஒவ்வொரு பிறழ்வும் தன்னைச் சுற்றியுள்ள பகுதியை வெகுவாக இழுத்துத் திரித்து, கணிசமான ஆற்றலைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. நழுவ வசதியான தளங்களும் ஒன்றிரண்டுக்கு மேல் இருப்பதில்லை.

பாராசிட்டமாலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்கலாம். அதன் முதல் வடிவத்தில் மூலக்கூறு அடுக்குகள் நெளிநெளியாக ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. அதனால் அது நழுவ மறுத்து நொறுங்குகிறது, தனியாக அழுத்தினால் மாத்திரையின் மேல்பகுதி மூடி போலக் கழன்று வருகிறது. இரண்டாம் வடிவத்தில் அடுக்குகள் தட்டையாக இருப்பதால் அவை ஒன்றன்மேல் ஒன்று எளிதில் நழுவுகின்றன. மாத்திரையும் நன்றாகப் பிடிக்கிறது. வேதியியல் முறையில் இரண்டும் ஒரே பொருள்தான்.

இனி ஒரு முக்கியமான எல்லையைக் கவனிக்க வேண்டும். துகளை அழுத்தி எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கிக்கொண்டே போக முடியாது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே, எந்தத் துகளையும் அழுத்தத்தால் உடைக்க இயலாது என்று கெவின் கெண்டல் 1978-இல் காட்டினார். விரிசல் பரவுவதற்கு வேண்டிய மீள் ஆற்றலைச் சேமித்து வைக்கச் சிறு துகளுக்குள் போதிய இடம் இல்லை. விரிசல் ஓடுவதற்கு முன்பே பொருள் நசுங்கத் தொடங்கிவிடுகிறது. அந்த எல்லை பொருளின் விறைப்பு, விரிசலுக்கு வேண்டிய ஆற்றல், நசுங்கத் தொடங்கும் அழுத்தம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. பல கரிமப் படிகங்களுக்கு அது சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை வருகிறது. இன்ஹேலர் மருந்துக்கு வேண்டிய துகள் அளவோ 1 முதல் 5 மைக்ரான். ஆக, நாம் அரைத்து அடைய விரும்பும் அளவும், படிகம் உடைவதை நிறுத்தி நசுங்கத் தொடங்கும் அளவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன. அரைவையின் பிற்பகுதியில் துகள் அளவு குறைவது நின்றுவிட்ட பிறகும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், அதற்குப் பின் செலுத்தப்படும் ஆற்றல் புதிய மேற்பரப்பை உண்டாக்குவதில்லை. வெப்பமாகப் போனது போக எஞ்சியது படிகத்தைக் குலைப்பதற்கே போகிறது.

பிறழ்வுகள் ஒரு பகுதியில் நெருங்கிக்கொண்டே போனால், அங்கே சேர்ந்துள்ள ஆற்றல் ஒரு கட்டத்தில், தொழிலில் அமார்ஃபஸ் என்று வழங்கும் படிகவடிவமற்ற நிலையின் ஆற்றலுக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் அந்தப் பகுதி படிகமாக நீடிப்பதில் எந்த ஆதாயமும் இல்லை, மூலக்கூறுகளின் சீரான அடுக்கு சரிந்துவிடுகிறது. நீண்ட தூரத்துக்கு மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கு மறைந்து, மூலக்கூறுகள் பக்கத்து மூலக்கூறுகளோடு மட்டும் ஏதோ ஓர் உறவை வைத்துக்கொண்ட கண்ணாடி போன்ற நிலை மிஞ்சுகிறது.

அப்படியானால் அரைத்த பொடியில் இருப்பது குறைபாடுகள் நிறைந்த படிகமா, அல்லது நல்ல படிகத்தின் மேல் ஒட்டியிருக்கும் அமார்ஃபஸ் பகுதியா? இந்த வாதம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஜெர்மானிய ஆய்வாளர் ஹூட்டன்ரவுக் 1985-இல் இந்தத் துறையைத் தொகுத்து எழுதியபோது, படிக ஒழுங்கு இயந்திர வேலையால் படிப்படியாகக் குறையும் ஒன்று என்ற பார்வையை வலியுறுத்தினார். பொடியை நூறு சதவீதப் படிகமும் நூறு சதவீத அமார்ஃபஸும் கலந்த கலவையாகக் கருதி அளப்பது மற்றொரு பார்வை. கிரிசியோஃபல்வின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து இந்த வாதத்துக்கு நல்ல களமாக அமைந்தது. அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது விறைத்த கண்ணாடி நிலை இளகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 89 டிகிரி செல்சியஸ். ஆனால் அரைத்த பொடியில், ஒழுங்கு திரும்பும்போது வெளிவரும் வெப்ப உமிழ்வு அதற்கும் கீழேயே தோன்றியது. கண்ணாடி நிலைமாற்றத்துக்குக் கீழே மூலக்கூறுகள் நகர முடியாது, எனவே இது அமார்ஃபஸ் அல்ல, குறைபாடுள்ள படிகம் தன்னைச் சரிசெய்துகொள்வதுதான் என்று 2008-இல் ஒரு குழு வாதிட்டது. கண்ணாடியின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் உட்புறத்தைவிடப் பல மடங்கு வேகமாக நகர்கின்றன, அதோடு அரைத்த பொடியில் படிக விதைகளும் ஏராளமாகக் கிடக்கின்றன, எனவே மெல்லிய அமார்ஃபஸ் படலம் கண்ணாடி நிலைமாற்றத்துக்குக் கீழேயே படிகமாக முடியும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் பதில் சொல்லின.

என் கணிப்பில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: துகளின் உள்ளே திரிபும் பிறழ்வும் கொண்ட படிகம், மேற்பரப்பில் அடி அதிகம் பட்ட இடங்களில் உண்மையான அமார்ஃபஸ். எது மேலோங்குகிறது என்பது பொருளையும் அரைவையையும் பொறுத்தது. கேட்டவர் பார்த்த சிறு வெப்ப உமிழ்வையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் படிக்க வேண்டும். அது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்குக் கீழே வந்தது என்ற ஒரே காரணத்துக்காக, அமார்ஃபஸ் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இப்போது சூட்டின் கதைக்கு வருவோம். அடிபடும் புள்ளியில் கணநேரம் வெப்பம் பாய்ந்து பொருள் உருகுகிறது, உடனே குளிர்ந்து கண்ணாடியாகிறது என்ற விளக்கம் கேட்பதற்கு இயல்பாகவே இருக்கிறது. அதைச் சோதிக்க, பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஓர் அருமையான பொருள். லாக்டோஸுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவங்கள் உண்டு. உருகும் அளவுக்குச் சூடேறினால் ஒன்று மற்றொன்றாக மாறும், அதோடு சர்க்கரை கருகிப் பழுப்பாகும். பிரான்சின் லீல் நகரில் மார்க் தெகாம், ழான்-பிரான்சுவா வில்லார் ஆகியோரின் குழு, ஆல்ஃபா லாக்டோஸை அறை வெப்பநிலையில் பந்து அரைவையில் அரைத்து முழுமையாக அமார்ஃபஸ் ஆக்கியது. அப்படிக் கிடைத்த கண்ணாடியில் இருந்தது ஆல்ஃபா மட்டுமே. உருகியிருந்தால் பீட்டா வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆகவே அந்த லாக்டோஸ் உருகாமலேயே, திண்ம நிலையிலேயே ஒழுங்கை இழந்திருக்கிறது. ஜெட் மில்லில் வேறொரு காரணமும் சேர்கிறது: அழுத்தப்பட்ட வாயு உள்ளே விரியும்போது குளிர்வதால், மோதல்களால் எழும் சூட்டின் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொள்கிறது.

இதே குழுவின் பணிகளிலிருந்து தெளிவான மற்றொரு போக்கும் எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. அரைக்கும் வெப்பநிலை ஒரு பொருளின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு வெகு கீழே இருந்தால், அரைவை அதை அமார்ஃபஸ் ஆக்கும். மேலே இருந்தால், பெரும்பாலும் வேறொரு படிக வடிவத்துக்குத் தள்ளும் அல்லது அப்படியே விட்டுவிடும். நீரற்ற ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையின் கண்ணாடி நிலைமாற்றம் 100 டிகிரி செல்சியஸுக்கு மேலே இருப்பதால், அறை வெப்பநிலையில் அரைத்தாலே அது அமார்ஃபஸ் ஆகிறது. மானிட்டாலுக்கு அது 13 டிகிரியை ஒட்டி இருக்கிறது; அறை வெப்பநிலையில் அரைத்தால் பீட்டா வடிவம் ஆல்ஃபா வடிவமாக மாறுகிறது, அமார்ஃபஸ் மிஞ்சுவதில்லை. இண்டோமெதசின் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்துக்கு அது 42 டிகிரி அளவில். அதன் காமா வடிவத்தை 4 டிகிரியில் அரைத்தால் அமார்ஃபஸ், 30 டிகிரியில் அரைத்தால் ஆல்ஃபா வடிவம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980-களிலேயே காட்டிவிட்டார்கள்.

காரணம் எளிது. அரைவைக்குள் எந்நேரமும் ஒரு பந்தயம் நடக்கிறது. ஒரு பக்கம் அடிகள் ஒழுங்கைக் கலைக்கின்றன. மறுபக்கம் மூலக்கூறுகள் தம் வெப்ப அசைவால் பழைய இடங்களைத் தேடி மீண்டும் அடுக்கிக்கொள்கின்றன. கதிர்வீச்சுக்கு உள்ளான உலோகக் கலவைகளுக்காக ஜார்ஜ் மார்ட்டின் 1984-இல் வகுத்த கோட்பாடு இதையே சொல்கிறது: வெளியிலிருந்து வரும் கலைப்பு, உள்ளிருந்து நடக்கும் பரவலை விஞ்சினால், பொருள் உண்மையான வெப்பநிலையைவிட மிக உயர்ந்த வேறொரு வெப்பநிலையில் இருப்பது போல நடந்துகொள்ளும். குளிரூட்டுவதால் அடியின் வலிமை குறைவதில்லை. குலைந்த ஒழுங்கு சீராவதற்கான வேகம் மட்டுமே குறைகிறது. அதனால்தான் திரவ நைட்ரஜனில் அரைப்பது, ஆய்வகங்களில் வேண்டுமென்றே அமார்ஃபஸ் தயாரிக்கும் முறையாகப் பயன்படுகிறது. வெப்பத்தால் சிதையும் மருந்துக்கோ, அறை வெப்பநிலையில் ரப்பர் போல இழுபடும் பொருளுக்கோ குளிரரைவை நியாயமான தேர்வுதான். படிக ஒழுங்கைக் காக்க அது மருந்தல்ல.

ஒழுங்கு குலைவது அமார்ஃபஸோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குளோரம்பெனிகால் பால்மிடேட் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை அரைக்கும்போது, உடலில் நன்கு உறிஞ்சப்படும் பி வடிவம், பயன் குறைந்த ஏ வடிவமாக மாறுகிறது. நீரேறிய படிகங்கள் அரைவையில் தம் நீரை இழந்து, அதோடு தம் சட்டகத்தையும் இழக்கலாம். மாத்திரையாக அழுத்துவதும், உலர்த்தும்போது கிளறுவதும்கூடத் தம் பங்குக்கு ஒழுங்கைக் குலைக்கின்றன, ஆனால் நுண்பொடியாக்கலோடு ஒப்பிட்டால் அவை பெரும்பாலும் இரண்டாம் வரிசைக் காரணங்களே.

கட்டி தட்டுவதற்கு வருகிறேன். கேட்டவருக்கு உண்மையான தொல்லை தருவது அதுதான். பலரும் "ஒரு சதவீதம்தானே அமார்ஃபஸ்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த ஒரு சதவீதம் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். 2 மைக்ரான் விட்டமுள்ள ஓர் உருண்டைத் துகளின் மேல் அது முழுவதும் ஓடுபோலப் பரவியிருந்தால், ஓட்டின் தடிமன் சுமார் 3.3 நானோமீட்டர். ஒரு மருந்து மூலக்கூறின் அளவு 1 நானோமீட்டரை ஒட்டியது என்று கொண்டால், அது மூன்று நான்கு மூலக்கூறு அடுக்குகள். எடையில் ஒரு சதவீதமாக இருக்கும் அந்தப் பொருள்தான் துகள் வெளியுலகுக்குக் காட்டும் முகம் முழுவதும். காற்றின் ஈரம் தொடுவதும், பக்கத்துத் துகள் ஒட்டுவதும், துணைப்பொருள் உரசுவதும் அதோடுதான்.

ஈரப்பதத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. படிகத்தின் உள்ளே நீர் புக இடமில்லை. அமார்ஃபஸ் பகுதிக்குள் தாராளமாகப் புகும். பொடியை மொத்தமாக அளந்தால் நீர் 0.1 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் அந்த ஒரு சதவீத அமார்ஃபஸுக்குள் சென்றிருந்தால், அங்கே நீரின் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம். நீரின் சொந்தக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை மைனஸ் 137 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதால், அது மிக வலுவான இளக்கியாக வேலை செய்கிறது. மேற்பரப்பின் கண்ணாடி நிலைமாற்றம் அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்கியதும், அந்தச் சில அடுக்குகள் பாகு போல இளகி, அருகில் உள்ள துகளின் இளகிய மேற்பரப்போடு கலக்கின்றன. பிறகு இரண்டும் சேர்ந்து படிகமாகின்றன. நுண்பொடியாக்கிய சால்பியூட்டமால் சல்பேட் என்ற ஆஸ்துமா மருந்தில் இது நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. ஈரக் காற்றில் வைத்த பொடியை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் துகள்களுக்கு இடையே கெட்டியான கழுத்துப் பாலங்கள் தெரியும். இப்போது பொடி முன்பைவிட அதிகப் படிகத்தன்மை கொண்டது. ஆனால் நுரையீரலுக்குள் போக வேண்டிய தனித்துகள்கள் அங்கே இல்லை. ஒழுங்கு திரும்பும் நிகழ்வே சேதத்தை நிரந்தரமாக்கிவிடுகிறது என்பதால், அது எப்போது, எங்கே திரும்புகிறது என்பதை நம் கையில் வைத்துக்கொள்வது மிக அவசியம்.

அளவிடும் முறைகளில், எக்ஸ்-கதிர் வரைபடம் மாறவில்லை என்பது ஆறுதல் தராது. வழக்கமான பொடி எக்ஸ்-கதிர் ஆய்வில் 5 சதவீதத்துக்குக் கீழான அமார்ஃபஸ் பெரும்பாலும் கண்ணில் படாது. ஆனால் முகடுகளின் இடத்தை மட்டும் பார்க்காமல் அகலத்தையும் பாருங்கள். துகள் சிறுத்ததாலும் முகடு அகலும், உள்திரிபாலும் அகலும். இரண்டும் கோணத்தோடு வெவ்வேறு விதமாக மாறுவதால், 1953-இல் வந்த வில்லியம்சன்-ஹால் வரைபட முறையில் ஓரளவுக்குப் பிரித்தறியலாம். சிறிய அளவுகளுக்கு நான் அதிகம் நம்புவது நீராவி ஏற்பு ஆய்வை. அரைத்த லாக்டோஸை 25 டிகிரியில் வைத்து ஒப்பு ஈரப்பதத்தைப் படிப்படியாக ஏற்றினால், எடை முதலில் சீராக ஏறுகிறது. 50 சதவீதத்தைத் தாண்டிய நிலையில் ஏதோ ஒரு படியில், ஈரப்பதத்தை நாம் ஏற்றியும், எடை சட்டென்று இறங்குகிறது. அமார்ஃபஸ் பகுதி படிகமாகி, தான் பிடித்திருந்த நீரின் பெரும்பகுதியை வெளியே தள்ளும் தருணம் அது. இதே நிகழ்வை, மிகச் சிறிய வெப்ப மாற்றத்தையும் அளக்கும் நுண்வெப்ப அளவியில் வெப்ப முகடாகவும் பிடிக்கலாம். அதில் ஒரு சதவீதத்துக்குக் கீழும் அளக்க முடியும். ஓர் எச்சரிக்கை: அளவுகோல் தயாரிக்க, கரைசலைத் தூவி விரைவாக உலர்த்தும் தெளிப்பு உலர்த்தலில் செய்த முழு அமார்ஃபஸைப் படிகப் பொடியோடு கலப்பதே வழக்கம். அரைத்த பொடியின் அமார்ஃபஸோ படிக விதைகளோடு ஒட்டிப் பிறந்தது. அது வேறு வேகத்தில் படிகமாகும். எனவே வரும் சதவீதத்தை ஒப்பீட்டு எண்ணாக மட்டுமே கொள்ளுங்கள்.

கேட்டவர் செய்யக்கூடியவை என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். முதலில், அரைவையின் வெவ்வேறு நேரங்களில் அல்லது வெவ்வேறு வாயு அழுத்தங்களில் மாதிரி எடுத்து, துகள் அளவையும் வெப்ப உமிழ்வின் பரப்பையும் ஒன்றாக வரைந்து பாருங்கள். அளவு குறைவது நின்ற பிறகும் உமிழ்வு வளர்ந்துகொண்டிருந்தால், அந்த இடத்தோடு அரைவையை நிறுத்துவது உடனடி ஆதாயம். இரண்டாவது, அரைத்த பொடியை அப்படியே பைக்குள் அடைக்காமல், குலைந்த ஒழுங்கை முதலில் சீராக்கிவிடுங்கள். ஈரப்பதத்தையோ, மருந்துக்கு ஏற்ற கரைப்பானின் ஆவியையோ கட்டுப்பாடாகக் கொடுத்து, பொடியை அசைத்துக்கொண்டே, மேற்பரப்பு மூலக்கூறுகள் அடியில் உள்ள படிகத்தின் மேலேயே திரும்ப அடுக்கிக்கொள்ளும்படி செய்யலாம். துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு கிடக்கும் நிலையில் இதைச் செய்தால் பாலங்கள்தான் வளரும். எந்த ஈரப்பதத்தில் எவ்வளவு நேரம் என்பதை நீராவி ஏற்பு ஆய்வில் எடை இறங்கிய அந்தப் படியைச் சுற்றித் தேடுங்கள். சீராக்கிய பிறகு அதே ஆய்வைத் திரும்பச் செய்யும்போது எடை இறங்கும் அந்தப் படி காணாமல் போயிருக்க வேண்டும். துகள் அளவும் மாறாமல் இருக்க வேண்டும். மூன்றாவது, இரண்டும் பயன் தராவிட்டால், கேள்வியை அரைவைக்கு முன்னால் கொண்டுபோக வேண்டியதுதான்: வேண்டிய அளவிலேயே படிகமாக்கி எடுப்பது, அல்லது எளிதில் பிளக்கும் வேறொரு உப்பையோ படிக வடிவத்தையோ தேர்ந்தெடுப்பது. திரவ நைட்ரஜன் உருளைக்கு அனுப்பிய கோரிக்கையை அதுவரை நிறுத்திவையுங்கள்.